அந்தக் கல்யாண கவுனைத் தைத்தது யார்?



நம்ம சிறப்பு மலருக்கு வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதித் தாங்க என்று கேட்டார்கள. ராணிகளைப் பற்றியும் பெரிய தலைவர்களைப் பற்றியும் மற்ற சகோதரிகள் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரு தையல்காரம்மாவைப் பற்றி எழுதுகிறேன். நம்ம குழுக்களில் தையல் மிஷினை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், நான் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்பது புரியும்.

அவர் பெயர் ஆன் லோ. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். அந்த நாட்டின் ஜனாதிபதியாக வந்த கென்னடியின் மனைவி, தன் கல்யாணத்தில் போட்டிருந்த கவுனைத் தைத்தவர் இவர்தான். அந்தக் கல்யாணப் படத்தைப் பார்க்காத பத்திரிகை வாசகர்களே அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் கவுனைத் தைத்தவர் பேர் மட்டும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. அது ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊசியால் வாங்கிய விடுதலை

ஆன் லோவின் கதைக்கு முன்னால் அவருக்கு ஒரு தலைமுறை, ரெண்டு தலைமுறை முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பருத்திக் காடுகள் அதிகம். அந்தக் காடுகளில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். அடிமை என்றால் கூலி கிடையாது. பெற்ற பிள்ளையைக்கூட எஜமான் வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம். 1865-ல்தான் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது.

அடிமைப் பெண்களில் சிலரைக் காட்டு வேலைக்கு அனுப்பாமல் எஜமானியம்மாவுக்குத் துணி தைக்க வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். எலிசபெத் கெக்லி என்று ஒரு அம்மா அப்படி இருந்தவர். அவர் கைத்தையல் அவ்வளவு நேர்த்தி. தனக்கும் தன் மகனுக்கும் விடுதலை வேண்டும் என்று கேட்டபோது எஜமான் வீட்டார் 1,200 டாலர் விலை சொன்னார்கள். அந்தப் பணம் அவரிடம் இல்லை. அவரிடம் துணி தைத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் சேர்ந்து கடனாகக் கொடுத்தார்கள். 1855-ல் விடுதலையை வாங்கிவிட்டு, தைத்துத் தைத்தே அந்தக் கடனை அடைத்தார் கெக்லி. பிறகு வாஷிங்டன் நகரத்துக்குப் போய் ஜனாதிபதி லிங்கன் வீட்டம்மாவுக்கே தையல்காரரானார். 1862-ல், விடுதலையாகி ஊருக்குள் வந்து தவித்த ஏழை ஜனங்களுக்கு உதவ ஒரு சங்கமும் ஆரம்பித்தார்.

இதைப் படித்தபோது நான் ரொம்ப நேரம் யோசித்தேன். நாமெல்லாம் குழுவில் கடன் வாங்கினால் மாடு வாங்குவோம், மிஷின் வாங்குவோம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவோம். அந்தம்மா தன்னையே வாங்குவதற்குக் கடன் வாங்கியிருக்கிறார். அதையும் ஒழுங்காகத் திருப்பிக் கட்டியிருக்கிறார். ஆனால் 1907-ல் அவர் கண்ணை மூடியது ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு விடுதியில். இதை மனசில் வைத்துக்கொண்டு ஆன் லோவின் கதைக்கு வாருங்கள்.

வெட்டுத்துணியில் பூத்த பூ

ஆன் லோ 1898-ல் அலபாமா மாநிலத்தில் கிளேட்டன் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர். பாட்டியும் அம்மாவும் தையல்காரர்கள். அந்த மாநிலத்தின் தலைநகரமான மாண்ட்காமரியில் பெரிய வீட்டு வெள்ளைக்காரப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்தார்கள்.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் தையல் மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்கி விளையாடும் இல்லையா? அப்படித்தான் ஆனும். பாட்டியும் அம்மாவும் வெட்டிப் போட்ட பட்டுத் துண்டுகளை எடுத்து, தோட்டத்தில் இருக்கிற பூவைப் பார்த்து அதே மாதிரி துணிப்பூ செய்வாராம். அந்தத் துணிப்பூதான் பிற்காலத்தில் அவருடைய அடையாளமாகவே ஆனது. கவுனில் பூ வைத்திருக்கிற அழகைப் பார்த்தே இது ஆன் லோ தைத்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

படிப்பு அதிகம் இல்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். பஸ்ஸில் தனி இடம், ஓட்டலில் தனி வாசல், தண்ணீர்க் குழாய்கூடத் தனி. அடிமைமுறை போனாலும் ஒதுக்கிவைக்கும் முறை போகவில்லை. பதினாலு வயசுவாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டார், அந்த வயசிலேயே கல்யாணமும் நடந்தது. ஒரு மகன் பிறந்தான். பேர் ஆர்தர்.

1914-ல் அம்மா திடீரென்று இறந்துவிட்டார். அந்த நேரத்தில் அம்மா கையில் ஒரு முக்கியமான ஆர்டர் இருந்தது. அலபாமா மாநில கவர்னருடைய மனைவிக்கு நடன விருந்துக்குப் போட்டுக்கொள்ள நாலு கவுன்கள். பாதியில் நிற்கிறது. துணி வாங்கியாயிற்று, தேதி நெருங்குகிறது, தைக்க வேண்டியவர் இல்லை. துக்க வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க நேரமில்லை. பதினாறு வயசுப் பெண் மிச்ச வேலையை எடுத்து, நாலு கவுனையும் முடித்துக் கொடுத்தார். தன்னால் முடியும் என்று அவருக்கே தெரிந்தது அன்றைக்குத்தான்.

தனியறையில் படித்த படிப்பு

1916-ல் ஒரு ஜவுளிக்கடையில் ஆன் நிற்கும்போது, அவர் போட்டிருந்த உடையைப் பார்த்துவிட்டு ஒரு பணக்கார அம்மா, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் ஆன். ஃபுளோரிடா மாநிலத்தில் டேம்பா என்ற ஊர்க்காரர் அந்தம்மா. மகள்களுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், எங்க வீட்டிலேயே தங்கித் தைத்துக் கொடு என்று கூப்பிட்டார். ஆனுடைய கணவருக்கு மனைவி தையல் தொழில் செய்வதில் விருப்பமில்லை. ஆன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அதோடு அந்தக் கல்யாணமும் முறிந்தது.

இந்த இடத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி நினைப்பார்கள். தைரியசாலி என்பார்கள் சிலர், குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்பார்கள் சிலர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தொழிலா, வீடா என்று ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு ஆம்பளையிடம் யாரும் கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

1917-ல் நியூயார்க்கில் இருந்த ஒரு டிசைன் பள்ளியில் சேர்ந்தார். தபாலில் விண்ணப்பம் போட்டு இடம் கிடைத்துவிட்டது. நேரில் போய் நின்றபோதுதான் இவர் கறுப்பினப் பெண் என்று பள்ளிக்காரருக்குத் தெரிந்தது. மற்ற மாணவிகள் இவரோடு ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றார்கள். சரி, போ என்று அனுப்பவும் இல்லை, மற்றவர்களோடு உட்கார வைக்கவும் இல்லை. தனியாக ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து ஆன் தைத்ததைத்தான் மற்ற மாணவிகளுக்கு இப்படித் தைக்க வேண்டும் என்று மாதிரியாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஆளைத் தொடக் கூடாது, அவள் கைவேலையை மட்டும் தொடலாம்! நம்ம ஊரிலும் நம்ம பாட்டி காலத்தில் இது நடந்திருக்கிறது, இன்றைக்கும் அங்கங்கே நடக்கிறது. அதனால் எனக்கு இது வெளிநாட்டு விஷயமாகவே தெரியவில்லை.

குறித்த காலத்துக்கு முன்பே படிப்பை முடித்துக்கொண்டு டேம்பாவுக்குத் திரும்பி சொந்தக் கடை வைத்தார். அந்த ஊரில் வருஷா வருஷம் காஸ்பரில்லா என்று ஒரு திருவிழா. அதில் ராணி வேஷம் கட்டுகிற பெண்களுக்கும் தோழிகளுக்கும் கவுன் தைக்க ஆன் கடையில்தான் கூட்டம். பல கறுப்பினப் பெண்களை வேலைக்கு வைத்து, தொழிலும் சொல்லிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 20,000 டாலர் கையில் சேர்ந்ததும் 1928-ல் நியூயார்க்குக்குக் குடி போனார்.

வேறு பேரில் போன வேலை

போன நேரம் சரியில்லை. 1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து, நாடே பஞ்சத்தில் விழுந்தது. கையில் இருந்த சேமிப்பு கரைந்தது. பெரிய பெரிய துணிக்கடைகளுக்கும் மற்றவர்களுடைய தையல் நிலையங்களுக்கும் வேலை செய்து கொடுத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று.

அப்படிச் செய்யும்போது உடையில் தைக்கிற லேபிளில் கடைக்காரர் பேர்தான் இருக்கும். 1947-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய நடிகை ஒலிவியா டி ஹாவிலாண்ட் மேடை ஏறும்போது போட்டிருந்த கவுன் ஆன் லோ செய்தது. கையால் பூ வரைந்த அழகான கவுன். அதன் லேபிளில் இருந்தது வேறு ஒருவர் பேர்.

1950-ல் தன் பேரிலேயே கடை திறந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டது. பதினாறு வயசில் அம்மாவின் வேலையை முடித்துக் கொடுத்ததிலிருந்து கணக்குப் போட்டால், தன் பேரைத் தன் பலகையில் நியூயார்க்கில் எழுத 36 வருஷம் ஆகியிருக்கிறது.

ராக்ஃபெல்லர், ரூஸ்வெல்ட், டுபான்ட் என்று அமெரிக்காவின் பெரிய குடும்பங்கள் எல்லாம் அவரிடம் வந்தன. அவர் தைக்கிற கவுனின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்குமாம். தையல் மடிப்புகளை எல்லாம் லேஸ் வைத்து மூடி, உள்ளே உடம்பைத் தாங்குகிற கட்டுமானத்தையும் சேர்த்தே தைத்துவிடுவார். தையல் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு ஜாக்கெட்டை வாங்கினால் நாம முதலில் உள்பக்கத்தைத்தானே திருப்பிப் பார்ப்போம்!

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆன் லோ சாதாரண ஜனங்களுக்குத் தைப்பதில் தனக்கு ஆர்வம் இல்லை என்று தானே சொல்லியிருக்கிறார். பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தைப்பதில்தான் அவருக்குப் பெருமை. அதைத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதை இனிமேல் பார்க்கப் போகிறோம்.

பத்து நாள்

1953 செப்டம்பர் 12. நியூபோர்ட் என்ற ஊரில் ஜாக்குலின் என்ற பெண்ணுக்கும் ஜான் கென்னடிக்கும் கல்யாணம். கென்னடி அப்போது செனட்டர். ஜாக்குலினின் அம்மா ஏற்கனவே ஆன் லோவின் வாடிக்கையாளர். மகள் கவுனும் தோழிகள் கவுன்களும் ஆனிடம் வந்தன. மணப்பெண் கவுனுக்கு மட்டும் தந்த நிறத்தில் பட்டுத்துணி ஏறத்தாழ 50 கெஜம் பிடித்தது. பாவாடை முழுக்க வட்டம் வட்டமாகச் சுருக்கு வைத்து, நடுவில் மெழுகில் செய்த சின்னச் சின்னப் பூக்கள். ரெண்டு மாசம் உழைத்துத் தைத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தையல் கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. காலையில் வந்து பார்த்தால் எங்கும் தண்ணீர். தைத்து வைத்திருந்த 15 கவுன்களில் 10 நாசம். அதில் மணப்பெண் கவுனும் ஒன்று.

ஆன் லோ என்ன செய்தார்? வாடிக்கையாளரிடம் போய் இந்த மாதிரி ஆகிவிட்டது, கூடுதலாகப் பணம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்றே சொல்லவில்லை. திரும்பவும் துணி வாங்கினார். கூடுதலாக ஆள் போட்டார். ராத்திரி பகல் பார்க்காமல் தைத்து, நாள் தவறாமல் எல்லாவற்றையும் முடித்தார். மணப்பெண் கவுனுக்கு அவர் வாங்கிய விலை 500 டாலர். மொத்த ஆர்டரில் 700 டாலர் லாபம் வர வேண்டியது. கடைசியில் 2,200 டாலர் நஷ்டம்.

கவுன்களை எடுத்துக்கொண்டு அவரே நியூபோர்ட் போனார். வீட்டு வாசலில் நின்றவர், வேலைக்காரர்கள் வருகிற பின்வாசல் வழியாகப் போ என்றார். முன்வாசல் வழியாக விட்டால் உள்ளே வருகிறேன், இல்லாவிட்டால் கவுன்களை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறேன் என்றார் ஆன். முன்வாசல் வழியாகத்தான் கவுன்கள் உள்ளே போயின.

அடுத்த நாள் பத்திரிகைகள் அந்தக் கவுனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. துணி என்ன, கழுத்து எப்படி, சுருக்கு எப்படி என்று எல்லாம் எழுதினார்கள். தைத்தவர் பேரை விட்டுவிட்டார்கள்.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, ஆன் லோவின் பாட்டியும் அம்மாவும் தையல் தொழில் செய்த அதே மாண்ட்காமரியில், ஒரு கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார். அவர் ரோசா பார்க்ஸ். அவரும் ஒரு கடையில் தையல் வேலை பார்த்தவர்தான். அவரைக் கைது செய்ததும் கறுப்பின மக்கள் எல்லோரும் சேர்ந்து 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனார்கள். கடைசியில் பஸ்ஸில் தனி இடம் என்ற சட்டம் ஒழிந்தது. ஆன் லோ முன்வாசலுக்காகத் தனியாக நின்றார். ரோசா பார்க்ஸுக்குப் பின்னால் ஒரு ஊரே நின்றது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்த்த கை போனபோது

ஆன் லோவின் கடைக் கணக்கை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் மகன் ஆர்தர். அம்மா தைப்பார், மகன் பில் போடுவார், பாக்கி வசூல் செய்வார். 1958-ல் ஆர்தர் கார் விபத்தில் இறந்துவிட்டார்.

பெற்ற மகனைப் பறிகொடுத்த தாயின் துக்கம் ஒரு பக்கம். கடை என்ன ஆனது என்பது இன்னொரு பக்கம். ஆன் லோவுக்குத் துணியைத் தொட்டால் அதன் தரம் தெரியும். ஒருவரை ஏற இறங்கப் பார்த்தால் அளவு தெரியும். ஆனால் ஒரு கவுனுக்கு நமக்கு அடக்கம் எவ்வளவு, என்ன விலை சொல்ல வேண்டும் என்று கறாராகப் பார்க்க அவரால் முடியவில்லை. கோடீஸ்வரர்கள் வந்து விலையைக் குறைத்துப் பேசினார்கள். இவரும் குறைத்துக் கொடுத்தார். அடக்க விலைக்கும் கீழே கொடுத்த கவுன்கள் உண்டு.

1960-ல் சாக்ஸ் என்ற பெரிய கடையில் ஒரு பிரிவுக்குத் தலைமை டிசைனராக வரச் சொன்னார்கள். பதவி பெரிசு. ஆனால் துணி வாங்கும் செலவும் தையல்காரர்கள் கூலியும் ஆன் லோ பொறுப்பு. ஆர்டர் வர வர நஷ்டமும் சேர்ந்துகொண்டே வந்தது. துணிக்கடைக்காரர்களுக்குக் கடன், அரசாங்கத்துக்கு வரி பாக்கி 12,800 டாலர். கடையை மூட வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து, 1962-ல் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். 1963-ல் திவால் ஆனதாக எழுதிக் கொடுத்தார்.

அரசாங்க வரி பாக்கியை யாரோ பேர் சொல்லாமல் கட்டிவிட்டார்கள். அது ஜாக்குலினாகத்தான் இருக்கும் என்று ஆன் லோ கடைசி வரைக்கும் நம்பினார்.

பேருக்காக எழுதிய கடிதம்

இதற்கு நடுவில் 1961-ல் இன்னொன்று நடந்தது. கென்னடி ஜனாதிபதி ஆகிவிட்டார். ஒரு பெண்கள் பத்திரிகை ஜாக்குலினின் வாழ்க்கைக் கதையைப் போட்டது. அதில் கல்யாண கவுனைத் தைத்தது ஒரு கறுப்பினத் தையல்காரி என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார்கள். அப்போதும் பேர் இல்லை.

ஆன் லோ ஜனாதிபதி மாளிகைக்கே கடிதம் எழுதினார். அது தன்னை எவ்வளவு புண்படுத்தியது என்று மரியாதையான வார்த்தைகளில் சொல்லி, தன்னைக் குறிப்பிடுவதானால் பேர் பெற்ற நீக்ரோ டிசைனர் என்று குறிப்பிடுவதே சரி, அதுதான் உண்மை என்றார். அந்தக் காலத்தில் கறுப்பின மக்களே தங்களைச் சொல்லிக்கொண்ட வார்த்தை அது. தன் நிறத்தை அவர் மறைக்கச் சொல்லவில்லை. தன் தொழிலை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள் என்றார்.

2,200 டாலர் நஷ்டத்தை வாய் திறக்காமல் தாங்கிக்கொண்ட அம்மா, பேருக்காகக் கடிதம் எழுதினார் பாருங்கள். பணம் போனது அவருக்குப் பெரிசாகத் தெரியவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்றால், இரண்டையுமே கேட்டிருக்க வேண்டும். பேரையும் கேட்க வேண்டும், பணத்தையும் கேட்க வேண்டும். ஆனால் 1953-ல் ஒரு கறுப்பினப் பெண் கூடுதல் பணம் கேட்டிருந்தால் அடுத்த ஆர்டர் வந்திருக்குமா? அந்தப் பயம் நியாயமான பயம்தான். தனியாக நிற்கிறவளுக்கு வாடிக்கையாளர் போய்விட்டால் அடுத்த வேளைக்கு வழியில்லை. குறை அந்தம்மாவிடம் மட்டும் இல்லை.

இருந்தாலும் அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கண்ணிலும் புரை விழுந்தது, ஆபரேஷன் செய்து பார்வை மீண்டது. 1968-ல் எழுபது வயசை நெருங்கும்போது, நியூயார்க்கில் பேர் போன மேடிசன் அவென்யூவில் திரும்பவும் கடை திறந்தார். 1972 வரை தைத்தார். 1981 பிப்ரவரி 25-ஆம் தேதி, 82 வயசில், தத்தெடுத்த மகளின் வீட்டில் காலமானார்.

இன்றைக்கு அவர் தைத்த கவுன்கள் அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 2023-ல் வின்டர்தர் என்ற அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளை மட்டுமே வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். பலகையில் அவர் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்க்க அவர் இல்லை.

நமக்கு இதில் என்ன?

ஏழ்மையிலிருந்து உயர்ந்தவர்கள் கதையை எழுதும்போது உழைத்தார், உயர்ந்தார் என்று முடித்துவிடுவார்கள். ஆன் லோவை அப்படி முடிக்க முடியவில்லை. அவரைவிட யாரும் உழைத்திருக்க முடியாது. அவரைவிடத் திறமைசாலியும் அப்போது அதிகம் பேர் இல்லை. அப்படியும் ரெண்டு தடவை எல்லாம் போயிருக்கிறது. உழைப்பும் திறமையும் ஆளை மேலே ஏற்றிவிடும். ஏறின இடத்தில் நிற்பதற்கு வேறு சிலதும் வேண்டும்.

முதலில் விலை. நம்மில் பலர் ஜாக்கெட் தைக்கிறோம், ஆரி வேலை செய்கிறோம். கூலி சொல்லும்போது லைனிங் துணி, நூல், கொக்கி, பாசி, கரண்டு எல்லாவற்றையும் கூட்டுவோம். நாம உட்கார்ந்த நேரத்தைக் கூட்ட மாட்டோம். வீட்டில் சும்மாதானே இருக்கோம் என்று நாமளே சொல்லிக்கொள்வோம். பேச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஆரி ஜாக்கெட் ஒன்றுக்குச் சாமான் செலவு 600 ரூபாய், மூன்று நாள் வேலை. 1,200 ரூபாய் கூலி வாங்கினால் கையில் 600 ரூபாய் நின்றது என்று சந்தோஷப்படுவோம். ஒரு நாளைக்கு 200 ரூபாய்தான் விழுந்திருக்கிறது என்று பார்க்க மாட்டோம். இடுப்பு வலியையும் கண் எரிச்சலையும் எந்தக் கணக்கிலும் எழுத மாட்டோம். ஆன் லோவிடம் வந்த கோடீஸ்வரிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. வேலையில் ஆசை உள்ளவளிடம் விலையைக் குறைப்பது சுலபம்.

ரெண்டாவது, கணக்கு ஒரே ஆள் கையில் இருந்தது. ஆர்தர் போனதும் கணக்கும் போய்விட்டது. நம்ம குழுவில் தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன் லெட்ஜர் என்று எழுதும்போது சில பேருக்குச் சலிப்பாக இருக்கும். நமக்கு எதுக்கு, ஊக்குநர் பார்த்துக்குவாங்க என்று கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருவோம். அந்தப் புத்தகங்களைக் குழுவில் ஒவ்வொருத்தரும் ஒரு மாசமாவது எழுதிப் பழக வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஊக்குநர் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. யார் எப்போது இல்லாமல் போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, பேர். கடைக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கும்போது அவர்கள் லேபிள்தான் போவது வழக்கம். பிழைப்புக்கு அதையும் செய்ய வேண்டியதுதான். ஆனால் கண்காட்சியில், மேளாவில், நாமே விற்கிற பொருளில் குழுவின் பேரைத் தைத்தே ஒட்ட வேண்டும். ஊறுகாய் பாட்டிலானாலும் சரி, துணிப்பையானாலும் சரி. செய்த கை யாருடையது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியட்டும்.

நாலாவது, குழாய் வெடித்த அந்தக் காலை நேரம். அந்த நேரத்தில் ஆன் லோவுக்குச் சக தொழிலாளிகள் இருந்தார்கள், ஆனால் நஷ்டத்தைப் பங்கு போட ஆள் இல்லை. ஒரு சங்கம் இருந்து, அவசரத்துக்கு ஒரு கடன் கிடைத்து, வாடிக்கையாளரிடம் நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசியிருந்தால் கதை மாறியிருக்கலாம். கெக்லியம்மாவுக்கு விடுதலை வாங்கக் கடன் கொடுக்க நாலு பேர் சேர்ந்தார்கள். ரோசா பார்க்ஸுக்காக ஒரு ஊரே நடந்தது. ஆன் லோ கடைசி வரை தனி ஆளாகவே நின்றார்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோது, பத்துப் பதினைந்து பொம்பளைங்க சேர்ந்து உட்கார்ந்து என்ன சாதிக்கப் போறீங்க என்று கேலி பேசியவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கும் நாம கூட்டத்துக்குக் கிளம்பும்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் ஆன் லோவின் கதையைச் சொல்லலாம். உலகமே பார்த்த கவுனைத் தைத்தவர், பக்கத்தில் ஒரு குழு இல்லாததால் கடனாளி ஆனார் என்று சொல்லுங்கள்.

நம்ம பிள்ளைகளில் டிசைனிங் படிக்க ஆசைப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். படிக்க வையுங்கள். கூடவே அடக்க விலை போடவும் சொல்லிக் கொடுங்கள்.